இடது காதுக்கு ஒரு ரப்பர்

என் மனைவிக்குச் சம்பளம் கொடுப்பது கேட்பதற்காக. விபத்து இழப்பீட்டு விசாரணைகளில் கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் பேசுவதைப் பதிவு செய்து அவளுடைய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அவள் அதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து தருவாள். இருமல், விக்கல், பாதியில் விட்ட வாக்கியம், "அது வந்து… அது வந்து" என்று இழுப்பது எல்லாம் அப்படியே வர வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் வேலை. வீட்டில் நான் பேசுவதில் பாதி அவள் காதில் ஏறாது. கேட்டால், "அதுக்கு யாரும் சம்பளம் தரலையே" என்பாள்.

அலுவலகத்தில் மேஜைக்கு அடியில் அவளுடைய வலது காலுக்கு ஒரு பெடல் உண்டு. அழுத்தினால் பதிவு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். மறுபடி அழுத்தும்போது இரண்டு விநாடி பின்னால் போய் ஓடத் தொடங்கும். மிதித்து மிதித்து அந்தப் பழக்கம் காலோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் பேசும்போது அவள் பாதம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். நான் நீட்டி முழக்கினால் மெல்ல எழும்பும். உடனே வாயை மூடிக்கொள்வேன். எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி அந்தக் காலைப் பார்த்தே நின்றிருக்கிறது.

கூட வேலை செய்பவர்கள் அவளை "ரிவைண்ட் அக்கா" என்பார்கள். ஒரு சொல் பிடிபடாவிட்டால் அந்த இடத்தில் "தெளிவில்லை" என்று அடித்துவிட்டு மேலே போகலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது, மற்றவர்கள் அப்படித்தான் போவார்கள். இவள் நாலு தடவை பின்னால் போய்க் கேட்பாள். கால் முறிந்த ஒருவர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்கிற இடத்தில் நாம் "தெளிவில்லை" என்று எழுதினால், அவருக்கு வர வேண்டியது வராமல் போய்விடும் என்பது இவள் கட்சி. பத்துப் பக்கத்துக்கு ஒரு "தெளிவில்லை" கூட இவளிடம் வராது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கிண்டல் செய்தால் ஒத்துக்கொள்ளவும் செய்வாள்.

நான் ஷூ கடையில் விற்பனையாளன். சொந்தக் கடை இல்லை, முதலாளி வேறு. எனக்கென்று இருப்பது ஒரு குட்டை ஸ்டூலும், கால் அளக்கும் பலகையும், வாய்க்கு ஓய்வு கொடுக்காத குணமும்தான். வாடிக்கையாளர்களிடம் சொன்ன நகைச்சுவையை வீட்டிலும் வந்து சொல்வேன். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஷூ கடிக்கிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "பசியா இருக்கும், ஒரு சாக்ஸ் போட்டுக் குடுத்துப் பாருங்க" என்பேன். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். என் மனைவி இதைப் பதினைந்து வருடமாகக் கேட்கிறாள். ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போன வருடம் அவர்கள் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. அதுவரை தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன் கொடுத்திருந்தார்கள். அதன் பஞ்சு உரிந்து, மாலையில் வீடு திரும்பும் எல்லோருடைய காதிலும் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். புதுக் கட்டடத்தில் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அவரவருக்கு வசதியானதை அவரவரே கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரியது இவளுக்கு முன்பே ஆகாது. மூக்குக்கண்ணாடிக் காம்பை நெற்றிப்பொட்டோடு சேர்த்து அழுத்தி, மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். அதனால் காதுக்குள் வைக்கிற சின்ன இயர்போன் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். ரயிலிலும் அதே, அலுவலகத்திலும் அதே.

ரயில் பயணம் நாற்பது நிமிடம். மூன்றாவது பெட்டி, கதவுக்கு வலப்பக்கக் கம்பி, அதுதான் அவள் இடம். அந்த நாற்பது நிமிடமும் எங்கள் மகளுக்கு. மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டு தினமும் ஏழெட்டு நிமிடத்துக்குக் குரல் பதிவு அனுப்புவாள். துணி காயவில்லை, அறைத் தோழி குறட்டை விடுகிறாள், இன்று வகுப்பில் தூங்கிவிட்டேன் என்று எல்லாமே அதில் வரும். எனக்கும் அனுப்புவாள், ஒன்றரை நிமிடம். முழுப் பதிவு அம்மாவுக்குத்தான்.

முதல் இயர்போன் வாங்க நானும் கூடப் போனேன். கடையில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "பேஸ் அதிரும் மேடம். பதினெட்டு மணி நேரம் சார்ஜ் நிக்கும். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது." அவர் பெட்டியைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார், என் சட்டைப் பையைக்கூடப் பார்த்தார். இவள் காதை ஒரு தரமும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "நான் எல்லாம் வர்றவங்க மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னாடி காலைப் பாப்பேன். இவர் என்ன வியாபாரம் பண்றார்?" இவ்வளவு பேசிய நானும் அவள் காதைப் பார்க்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாளே இடது பக்கத்து இயர்போன் ரயிலில் கழன்று விழுந்தது. மூன்றாவது பெட்டியே காலைத் தூக்கிக்கொண்டு தேடியிருக்கிறது. மறுவாரமும் விழுந்தது, மறுபடி அதே இடது. சரி, காதுக்குப் பின்னால் கொக்கி போட்ட மாதிரி வருகிறதே, அதை வாங்கினோம். அந்தக் கொக்கிக்கும் கண்ணாடிக் காம்புக்கும் ஒரே இடத்தில் குடித்தனம், நாள் முழுக்கத் தகராறு. பிறகு கம்பியில்லாதது. அதில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வருமாம். "பெடலை மிதிச்சா யோசிச்சுட்டுப் பேசுது, உங்கள மாதிரி இல்ல" என்று அதையும் கழித்துக் கட்டினாள். நாலாவது, வெளிச்சத்தத்தை அடக்குவது. அதைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டாள்.

மகள் அங்கிருந்தே தேடிப் பார்த்து ஐந்தாவதைச் சொன்னாள். பஞ்சு மாதிரி மிருதுவான ரப்பர், கம்பியும் உண்டு.

"நாலாயிரம் பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்கம்மா."

"நாலாயிரம் பேர் காதும் என் காது இல்லையேடி."

சொல்லிவிட்டு வாங்கினாள். வலது காதில் அது இருப்பதே தெரியவில்லை என்றாள். இடது காதில் மட்டும் பழைய கதைதான். நிற்காது, நின்றாலும் சத்தம் குறைவு, அழுத்திச் செருகினால் வலி. ஐந்து பெட்டிகளையும் நான் அலமாரிக்கு மேல் அடுக்கி வைத்தேன். கடைக்காரன் புத்தி, அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட மனசு வராது.

இனிமேல் சொல்லப்போவதை அவள் என்னிடம் சில மாதம் மறைத்தாள். நான் பிற்பாடு தெரிந்துகொண்டதை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

விசாரணைப் பதிவில் கேள்வி கேட்பவர் குரல் இடது பக்கமும் பதில் சொல்பவர் குரல் வலது பக்கமும் வரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் பிரித்து எழுத வசதியாக அப்படிப் பதிவு செய்கிறார்கள். ஐந்தாவது இயர்போன் வாங்கின மாதம் அவளுடைய பக்கங்களில் "தெளிவில்லை" கூடியது. பத்துப் பக்கத்துக்கு மூன்று, பிறகு ஐந்து. எல்லாமே கேள்வி கேட்பவர் பேச்சில். ரிவைண்ட் அக்கா ஒரு சொல்லுக்கு ஆறு தடவை பின்னால் போய்க் கேட்டும் பிடிபடாமல், கடைசியில் "தெளிவில்லை" என்று அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் சோதித்தும் பார்த்திருக்கிறாள். இடது பக்கத்து இயர்போனைக் கழற்றி வலது காதில் வைத்தாள். கணீரென்று கேட்டது. வலது பக்கத்ததை இடது காதில் வைத்தாள். மங்கலாகக் கேட்டது. ஆக, இயர்போனில் கோளாறு இல்லை. ஐந்து கம்பெனி இயர்போனும் ஒரே காதில் மட்டும் கெட்டுப்போகாது. குறை தன் காதில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அப்படி முடிவு கட்ட அவளுக்கு இன்னொரு காரணம் இருந்தது. அவளுடைய அப்பா. என் மாமனார் தகடு அடிக்கும் தொழிற்சாலையில் இருபது வருடம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். அவருக்கு முதலில் போனது இடது காது. நான் முதன்முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாமியார் கதவைத் திறந்ததும் சொன்னது, "அவருக்கு வலது பக்கமா உக்காருங்க மாப்பிள்ளை" என்பதுதான். தெரியாத்தனமாக இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் மனுஷர் சிரிப்பார். என்ன சொன்னாலும் சிரிப்பார். பாதிப் பேர் அவரை நல்ல தமாஷான ஆள் என்று நினைத்திருந்தார்கள். காதில் விழாததற்குத்தான் அந்தச் சிரிப்பு என்பது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். பதினொரு வயதுப் பெண்ணாக என் மனைவி அவர் பக்கத்தில் நின்று, அவர் சிரித்ததும் வலது காதில் விஷயத்தை மறுபடி சொல்வாளாம்.

தொழிற்சாலை மருத்துவர் ஒரு நாள் அவரைச் சோதித்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் முதல் அவருக்கு இயந்திரத்தில் வேலை இல்லை. வாசலில் உட்கார்ந்து வண்டி எண்களை எழுத வேண்டும். அவர் சாகிறவரைக்கும் சொன்னது ஒன்றுதான்: "காகிதத்துல எழுதறவரைக்கும் எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு."

அதனால் இவள் மருத்துவரிடம் போகவில்லை. இயர்போனை இன்னும் ஆழமாக அழுத்திச் செருகினாள். வலித்தது, செருகினாள். இரண்டு மாதத்தில் காதே அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. இப்போது இயர்போன் இல்லாமலும் அந்தப் பக்கம் மந்தம்.

ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் நாங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அன்று கடைக்கு ஒருவர் ஷூ கடிக்கிறது என்று கொண்டுவந்தார், நானும் பசி, சாக்ஸ் என்று என் பாட்டைப் பாடினேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டி, நன்றாகவே சிரித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருட உழைப்பு! அன்றைக்கு நான் சாப்பிட்டது ஒரு பிடி கூடுதல்தான். மகளுக்குக்கூட ஒரு குரல் பதிவு அனுப்பினேன், "உங்கம்மா ஒருவழியா சிரிச்சுட்டா" என்று.

மறுநாள் காலையில் நிலையத்தில் அவளை ரயில் ஏற்றிவிட்டு நான் பேருந்துக்குப் போக வேண்டும். வானம் மூடியிருந்தது. ரயில் வந்து நின்றது. "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

குடை எடுத்தாயா என்பதற்கு யாராவது சிரிப்பார்களா? ரயில் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்தக் கண் சுருக்கல், அந்தத் தலையாட்டல். அது என் மாமனார் சிரிப்பு. முந்தின நாள் நான் பூரித்துப் போனதை நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று கடையில் மூன்று பேருக்குத் தவறான அளவை எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் வந்ததும், கைப்பையைக்கூட வைக்க விடாமல் கேட்டேன். இந்த முறை வலது பக்கம் நின்று கேட்டேன்.

"இடது காது கேக்கலையா உனக்கு?"

அவள் கைப்பையைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். காகிதப் பிரிவுக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பம். தட்டச்சு செய்த பக்கங்களுக்கு எண் போட்டு, துளையிட்டு, கோப்பில் கட்டும் பிரிவு அது. அங்கே யாரும் எதையும் கேட்க வேண்டாம். எல்லாக் கட்டமும் நிரப்பி, கையெழுத்தும் போட்டிருந்தாள். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை குடுக்கணும். இந்த மாசமும் கூடினா மாத்திடுவேன்னு மேற்பார்வையாளர் சொல்லிட்டாங்க. அவங்களா மாத்தறதுக்கு முன்னாடி நானே கேட்டுடலாம்னு பாத்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க."

"போனா என்ன?"

"போனா எழுதுவாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அது என் வியாதி. எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் மட்டும் காது வந்துவிடுமா, உங்கள் அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்று கத்தினேன். அவள் கால் தரையிலிருந்து எழும்பியது. நான் நிறுத்தவில்லை. கடைசியில் அவளே பேசினாள், மெதுவாக.

"வேலை போனாக்கூடப் போகுதுங்க. நம்ம பொண்ணு பேசறது இருக்கே, அது இப்போ வலது பக்கம் மட்டும்தான் வருது. பக்கத்து சீட்ல உக்காந்து வேற யார்கிட்டயோ பேசற மாதிரி இருக்கு. இன்னொரு காதும் போச்சுன்னா?"

தட்டு எடுத்து வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

புதன்கிழமை கடைக்கு ஒரு தபால்காரம்மா வந்தார். நாளெல்லாம் நடக்கிறவர். "ஏழாம் நம்பர் குடுங்க, எனக்கு எப்பவும் ஏழுதான்" என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பலகையை நீட்டினேன்.

"ரெண்டு காலையும் வைங்கம்மா. ஒரே உடம்புதான், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்காது. இருபத்தாறு வருஷமா பாக்கறேன், சமமா கால் உள்ளவங்க நூத்துல பத்துப் பேர்கூட இல்ல."

இதை நான் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வேன். வாய் பாட்டுக்குச் சொல்லும். அவருக்கு வலது கால் ஏழு, இடது கால் ஏழரை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. பெரிய காலுக்கு அளவு எடு, சின்ன காலுக்கு உள்ளே அட்டை வை. ஒரு பெட்டியில் இரண்டு அளவு போட்டு எந்தக் கம்பெனியும் கொடுப்பதில்லை. கொடுத்தால் எங்கள் பிழைப்பு எவ்வளவு சுலபம், என்று வழக்கம்போல் சொல்ல வாயெடுத்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது. கொடுக்கிறார்களே! ஐந்து இயர்போன் பெட்டியிலும் கொடுத்திருக்கிறார்களே!

என் கை அவர் பாதத்திலேயே இருந்தது. அவர் பயந்துவிட்டார்.

"என்ன சார், என் கால்ல ஏதாவது கோளாறா?"

"கால்ல இல்லீங்க, காதுல."

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அட்டை வைத்து ஷூவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, முதலாளியிடம் ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்று கேட்டேன். முந்தின நாள் லட்சணத்தைப் பார்த்தவர், "தாராளமா போ" என்றார்.

வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு ஏறி, ஐந்து பெட்டியையும் இறக்கினேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் உறை. உள்ளே காதில் நுழைகிற முனைக்கு மாட்டும் ரப்பர்கள், சின்னதில் ஒரு ஜோடி, பெரியதில் ஒரு ஜோடி. நடுத்தர அளவு இயர்போனிலேயே மாட்டி வரும். ஐந்து உறையில் நாலு பிரிக்கப்படவே இல்லை. பிரித்த ஒன்றும் சின்ன ஜோடியை இரண்டு காதிலும் மாட்டிப் பார்த்து, வலது பக்கம் லொடலொடவென்று இருந்ததால் திரும்ப உள்ளே போட்டது. ஜோடியாக வந்ததை ஜோடியாகத்தான் மாட்ட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அன்று சோதித்தபோதும் இயர்போனைத்தான் காது மாற்றி வைத்தாளே தவிர, ரப்பரை மாற்றவில்லை. அவளை என்ன சொல்வது. ஊரில் இருக்கிற காலையெல்லாம் தனித்தனியாக அளக்கிற ஆள் எதிரிலேயே உட்கார்ந்து வருடக்கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் வரும்போது சாப்பாட்டு மேஜை முழுக்க ரப்பர்கள்.

"என்ன இது, கடை விரிச்சிருக்கீங்க?"

"உக்காரு. நின்னுக்கிட்டு இருக்கறவங்களுக்கு நான் எதையும் போட்டுக் காட்டறதில்ல."

சமையலறைக் குட்டை முக்காலியைப் போட்டு, வாடிக்கையாளருக்கு எதிரே உட்காருகிற மாதிரி உட்கார்ந்தேன். முதலில் இரண்டு காதையும் பார்த்தேன். இருபத்தோரு வருடத்தில் முதல் முறை அளவெடுக்கிற கண்ணோடு பார்த்தேன். இடது காதின் துவாரம் வெளியிலிருந்தே குறுகலாகத் தெரிந்தது. ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. அழுகை வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டு, மகள் சொல்லி வாங்கிய அந்த ஐந்தாவது இயர்போனை எடுத்து, வலதில் நடுத்தர ரப்பரை அப்படியே விட்டு, இடதில் சின்னதை மாட்டினேன்.

"அழுத்தாத. சும்மா வை. தானா உக்காரணும்."

வைத்தாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். விழவில்லை. போனில் மகளுடைய அன்றைய பதிவை ஓடவிட்டாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதனால் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதம் தரையை அழுத்தியிருந்தது. திடீரென்று எழும்பியது. விரலால் பதிவைப் பின்னால் தள்ளினாள். பாதம் மறுபடி அழுத்தியது. மறுபடி எழும்பியது. மூன்று முறை முதலிலிருந்து கேட்டாள்.

"என்னடி?"

"நடுவுல இருக்கா" என்றாள். நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இவ்வளவு நாளா வலது பக்கமா நின்னுக்கிட்டு இருந்தா. இப்போ நடுவுல வந்துட்டா. இடது கொஞ்சம் மங்கல்தான். ஆனா நடுவுல இருக்கா."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். என்னதான் சொல்லியிருக்கிறாள் என்று ஒரு பக்கத்து இயர்போனை வாங்கிக் கேட்டேன். விடுதியில் துணி துவைக்கும் இயந்திரம் ரிப்பேராம், நாலு நாளாக ஒரே சட்டையாம்.

வியாழக்கிழமை அவளே மருத்துவரிடம் போகலாம் என்றாள். "எழுதினா எழுதட்டும்" என்றாள். இடது காதுக்குள் வளைவு, குறுகல் இரண்டும் பிறவியிலேயே உண்டு என்றார் மருத்துவர் அம்மா. பொருந்தாததை அழுத்தி அழுத்தி அழுக்கெல்லாம் உள்ளே போய் இறுகி, சதையும் வீங்கியிருந்தது. சுத்தம் செய்த பிறகு ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். கை பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வலது காலும் தரையை அழுத்தியது. பிறகு அந்த அம்மா ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். என் மனைவி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் இயல்பாக இருக்கிறது, ஐந்து நாள் சொட்டு மருந்து, ஐந்து நாள் காதுக்குள் எதுவும் வைக்கக் கூடாது. அவ்வளவுதான். பேருந்தில் வரும் வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் மேற்பார்வையாளரிடம் கொடுத்தது விடுப்புக் கடிதம். மாற்றல் விண்ணப்பத்தை நான் ஐந்தாவது இயர்போன் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன், சொன்னேனே, எனக்கு எதையும் எறிய வராது. அடுத்த மாதம் "தெளிவில்லை" பத்துப் பக்கத்துக்கு ஒன்று என்று இறங்கியது. அதற்கடுத்த மாதம் பழையபடி ஒன்றுகூட இல்லை. மிச்ச ரப்பர்களையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அவர்கள் கூடத்தில் பதினோரு பேரில் நாலு பேருக்கு இரண்டு காதும் இரண்டு அளவாம். ஒருவர் இடது பக்கம் பஞ்சு சுற்றி ஒட்டிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார்.

போன வாரம் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். வேண்டுமென்றுதான் அங்கே உட்கார்ந்தேன். அன்று ஒருவர் ஷூ கடிக்கிறது என்று கடைக்கு வந்தார் என்று ஆரம்பித்தேன். வழக்கமான குரல், சத்தத்தைக் கொஞ்சமும் கூட்டவில்லை. பசி, சாக்ஸ் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. எனக்குத் திக்கென்றது.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. அதனாலதான் சிரிக்கல."